பெரிய ஊனுண்ணி டைனோசர் எலும்பை வகைப்படுத்துவது எப்படி: பெயரைக் கடைசிக்கு வையுங்கள்

மேசையில் ஒரு பெரிய பல்லை எடுத்து வைத்ததும், புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இது டி. ரெக்ஸா?" இல்லை என்று சொன்னால் அடுத்த நொடியே, "அப்ப வேற எது?" இரண்டு கேள்வியும் முடிவிலிருந்து தொடங்குகின்றன. பெயரை மனதில் வைத்துக்கொண்டு எலும்பைப் பார்த்தால், அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டும்தான் கண்ணில் படும்.

நான் செய்யும் வரிசை வேறு. எலும்பு என்ன காட்டுகிறது என்று முதலில் எழுதுவேன். பிறகு பெரிய குழுவிலிருந்து சிறிய குழுவுக்கு ஒவ்வொரு படியாக இறங்குவேன். சான்று எந்தப் படியில் தீர்கிறதோ அந்தப் படியில் நின்றுவிடுவேன். பாதி வழியில் நிற்பதைத் தோல்வி என்று நினைப்பவர்களால்தான் இந்தத் துறையில் பாதிக் குழப்பம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை கருவி அல்ல, காகிதம். எலும்பு எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில், அருகில் வேறு எதனுடன் கிடைத்தது என்ற குறிப்பு வேண்டும். எடுக்க அனுமதி இருந்ததா, எந்தச் சேகரிப்பில் என்ன எண்ணில் பதிவானது என்பதும் தெரிய வேண்டும். எண் இல்லாத எலும்பை வேறொருவர் வந்து சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத வகைப்பாட்டுக்கு மதிப்பில்லை.

வாங்கிய மாதிரி என்றால் கூடுதல் சந்தேகம் தேவை. மொராக்கோவின் கெம் கெம் பகுதியிலிருந்து சந்தைக்கு வரும் தாடைகளில், வேறு விலங்கின் பற்களைச் சொருகி மணலும் பசையும் பூசியிருப்பது புதிதல்ல. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பல பசைகள் எலும்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும். இதை முதலிலேயே செய்துவிடுங்கள். மூன்று வாரம் அளந்த பிறகு பாதித் தாடை செயற்கை என்று தெரிவது நல்ல அனுபவம் இல்லை.

கருவிகள் குறைவுதான்: வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல் பட்டை, பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி வைக்கக்கூடிய ஒரு விளக்கு. நேரே மேலிருந்து விழும் ஒளியில் நுண்ணிய வரிகள் மறைந்துவிடும். சாய்ந்த ஒளியில்தான் எழுந்து நிற்கும்.

ஆறு பக்கமும் படம் எடுங்கள். உடைந்த துண்டுகளை ஒட்டும் முன்பும் எடுங்கள். எகிப்தின் பஹரியாவில் கிடைத்து ஜெர்மன் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் விவரித்த எலும்புகள், 1944இல் மியூனிக் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தன. அவற்றில் கார்கரோடான்டோசாரஸ் என்ற ஊனுண்ணியுடையது என்று அவர் கருதிய எலும்புக்கூட்டின் பழைய படங்களை மறுபடி ஆராய்ந்து, அது வேறொரு பேரினம் என்று 2025இல் டேமெரிராப்டர் என்ற பெயர் வைத்தார்கள். எலும்பு போய் எண்பது ஆண்டுக்குப் பிறகும் படம் வேலை செய்தது.

2. எந்த எலும்பு, எந்தப் பக்கம்

குழுவைத் தேடும் முன் உறுப்பைத் தீர்மானியுங்கள். கையா காலா, இடதா வலதா, மேல் முனை எது, உடைந்த பரப்பு எது. ஒப்பிடும் எலும்பும் நம் கையில் உள்ள எலும்பும் ஒரே உறுப்பாக இல்லாவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

இது ரொம்பச் சாதாரணமான அறிவுரை போலத் தோன்றும். ஆனால் மெகாராப்டர் என்ற ஊனுண்ணியின் பெரிய வளைந்த நகத்தை 1998இல் பெயர் வைக்கும்போது காலின் அரிவாள் நகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பின்னர் முழுக் கை கிடைத்தபோதுதான் அது கைவிரல் நகம் என்று தெரிந்தது. ஒரு நகம் காலிலிருந்து கைக்கு மாறியதும் அந்த விலங்கின் உறவுமுறையே மாறிப்போனது.

நசுங்கலையும் இங்கேயே குறித்துவிடுங்கள். பாறையின் அழுத்தத்தில் தட்டையான தாடை, இயல்பிலேயே ஒடுங்கிய தாடையைப் போல இருக்கும். இடது, வலது இரண்டும் கிடைத்திருந்தால் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் ஒடுங்கியிருந்தால் அது பாறையின் வேலை.

3. முதலில் இது தெரோபாடா என்று கேளுங்கள்

பெரிய ஊனுண்ணி டைனோசர்கள் எல்லாம் தெரோபாட் என்ற குழுவைச் சேர்ந்தவை. ஆனால் பெரிதாக இருப்பதெல்லாம் தெரோபாட் அல்ல, கூரான பல் உள்ளதெல்லாம் டைனோசரும் அல்ல.

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸ் இதற்கு நல்ல பாடம். 1980களின் இறுதியில் அதை விவரித்தவர்கள் பெரிய ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். கணைக்கால் எலும்பின் நீளம் மட்டும் சுமார் 2 மீட்டர். சிகாகோவில் உள்ள 'சூ' என்ற டி. ரெக்ஸின் கணைக்கால் எலும்பு சுமார் 1.14 மீட்டர்தான். இந்த ஒரு ஒப்பீடே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். பிறகு அதை நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளான சாரோபாட்களுக்கு மாற்றினார்கள். அந்த எலும்புகள் பின்னாளில் பொடிந்துபோய்விட்டதால், மறுபடி பார்க்க வரைபடங்களும் படங்களும்தான் மிச்சம்.

நீண்ட கால் எலும்பு உடைந்திருந்தால் குறுக்கு வெட்டைப் பாருங்கள். தெரோபாட் கால் எலும்பில் நடுவே தெளிவான பொள்ளல் இருக்கும். சாரோபாட் கால் எலும்பின் உட்புறம் பெரும்பாலும் பஞ்சு போன்ற எலும்பால் நிரம்பியிருக்கும். ஒரு துண்டு மட்டும் கிடைத்தாலும் இந்தச் சோதனை வேலை செய்யும்.

முள்ளெலும்பில் மட்டும் கவனம். அதில் காற்றறைத் துளைகளைப் பார்த்ததும் "தெரோபாட்" என்று எழுதுபவர்கள் அதிகம். சாரோபாட் முள்ளெலும்பிலும் அதே துளைகள் உண்டு.

பாறை டிரையாசிக் காலத்தது (டைனோசர்கள் தோன்றிய காலம்) என்றால் இன்னொரு பொறி. அக்காலத்தில் முதலைகளின் உறவினங்கள் சில, தெரோபாட்களைப் போலவே ரம்ப விளிம்புப் பற்களோடு பெரிதாக வளர்ந்தன. 1861இல் ஒரு மேல்தாடையை வைத்துப் பெயரிடப்பட்ட டெரடோசாரஸ் நெடுங்காலம் ஊனுண்ணி டைனோசர் என்றே புத்தகங்களில் இருந்தது. இப்போது அது முதலை வரிசையில் நிற்கிறது.

4. எல்லாம் ஒரே விலங்கா

ஒரே குழியில் கிடைத்தது என்பதற்காக ஒரே உடல் ஆகிவிடாது. ஆறு பல பிணங்களைக் கொண்டுவந்து ஒரே வளைவில் ஒதுக்கும்.

ஒரே எலும்பு இரண்டு முறை வருகிறதா என்று எண்ணுங்கள். இரண்டு இடது தொடை எலும்பு இருந்தால் குறைந்தது இரண்டு விலங்கு. அளவு பொருந்துகிறதா, நிறமும் தேய்மானமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எலும்புகள் மூட்டோடு மூட்டாகப் பொருந்திக் கிடந்தனவா என்பதுதான் வலுவான சான்று. அதனால்தான் களக்குறிப்பை முதலில் கேட்டேன்.

இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் விலை பெரிது. சாரோஃபாகனாக்ஸ் என்ற பெயரைத் தாங்கும் மூல எலும்பு ஒரு முள்ளெலும்புப் பகுதி. 1995 முதல் அது அலோசாரஸ் என்ற ஊனுண்ணியின் மாபெரும் உறவு என்று சொல்லப்பட்டது. 2024இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்த எலும்பு சாரோபாடுடையதாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அதே குழியிலிருந்து வந்த உண்மையான ஊனுண்ணி எலும்புகளுக்கு அலோசாரஸ் அனாக்ஸ் என்று தனிப் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பற்கள் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். தெரோபாட்கள் வாழ்நாள் முழுக்கப் பல்லை உதிர்த்து முளைக்கவிட்டன. வேர் கரைந்துபோன பல் என்றால் அது உதிர்ந்த பல். அந்த விலங்கு அங்கே வந்து தின்றது என்பதற்கு மட்டுமே சான்று. எலும்புக்கூட்டின் அருகே கிடந்த பல், அதைத் தின்றவனுடையதாக இருக்கலாம்.

5. பல்லை அளப்பது

அதிகம் கிடைப்பது பல்தான். அதிகம் தவறாக வகைப்படுத்தப்படுவதும் அதுதான். இங்கே நிதானமாகப் போவோம்.

நான்கு அளவு எடுங்கள்: மகுடத்தின் (வேருக்கு மேலுள்ள பகுதி) அடியில் முன்பின் நீளம், அதே மட்டத்தில் பக்கவாட்டு அகலம், மகுடத்தின் உயரம், முன் விளிம்பில் ஐந்து மில்லிமீட்டருக்குள் எத்தனை ரம்ப முனை, பின் விளிம்பில் எத்தனை. ஐந்தாகிவிட்டதே என்றால், கடைசி இரண்டையும் ஒன்றாக எண்ணுவது என் பழக்கம். அவற்றை எப்போதும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

முனைகளை விளிம்பின் நடுப்பகுதியில் எண்ணுங்கள். அடியிலும் நுனியிலும் அளவு மாறும். ஒருவர் நடுவிலும் இன்னொருவர் அடியிலும் எண்ணினால் இரண்டு வெவ்வேறு இனம் போலத் தெரியும். நுனி உடைந்த பல்லுக்கு உயரம் எழுதாதீர்கள். கோடு போட்டு விடுங்கள். மதிப்பிட்ட உயரத்தை அளந்த உயரம் போல அட்டவணையில் சேர்ப்பது நான் அடிக்கடி பிடிக்கும் பிழை.

இப்போது அகலத்தை நீளத்தால் வகுங்கள். வளர்ந்த டைரனோசாரிட்களின் (டி. ரெக்ஸின் குடும்பம்) பக்கப் பற்கள் தடித்தவை. விகிதம் பெரும்பாலும் 0.6க்கு மேல் போகும். எலும்பை நொறுக்கும் பல் அது. கார்கரோடான்டோசாரஸின் குடும்பமான கார்கரோடான்டோசாரிட் பல் கத்தி போல ஒடுங்கியது, பெரும்பாலும் 0.5க்குக் கீழே. ஸ்பைனோசாரஸின் குடும்பமான ஸ்பைனோசாரிட் பல் கூம்பு போல உருண்டது, நீளவாக்கில் வரிகள் ஓடும். ஸ்பைனோசாரஸில் ரம்பமே இருக்காது. அதன் உறவான பாரியோனிக்ஸில் உண்டு, ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு என்ற அளவில், லென்ஸ் இல்லாமல் தெரியாத நுணுக்கம். கார்னோடாரஸ் அடங்கும் அபெலிசாரிட் குடும்பத்தின் பல் குட்டையானது, அதன் பின் விளிம்பு கிட்டத்தட்ட நேராக இருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு "சரி, இனி பல்லைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்" என்று கிளம்பாதீர்கள். மூன்று தடங்கல் உண்டு.

முதலாவது, வாயில் எந்த இடம் என்பது. டைரனோசாரிட்டின் முன்வாய்ப் பல் சிறியது. அதன் குறுக்குவெட்டு ஆங்கில டி எழுத்தைப் போல ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதே விலங்கின் பக்கப் பல்லோடு வைத்தால் யாரும் ஒரே வாய் என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, வயது. டைரனோசாரிட் குட்டியின் பல் ஒடுங்கிய கத்திப் பல். தடிப்பு வளர வளரத்தான் வரும்.

மூன்றாவது, பிரபலமான அடையாளங்கள் தனியுரிமை அல்ல. பல் எனாமலில் விளிம்பை ஒட்டி வரும் வளைந்த சுருக்கங்களை "கார்கரோடான்டோசாரிட் முத்திரை" என்று நினைப்பார்கள். அந்தச் சுருக்கம் வேறு பல தெரோபாட்களிலும் உண்டு.

ஆகவே தனிப் பல்லைக் குடும்ப மட்டத்தில் நிறுத்துவது என் வழக்கம். டீனோடான் என்ற பெயர் 1856இல் பற்களை மட்டும் வைத்து வைக்கப்பட்டது. இன்று அந்தப் பற்களை எந்த டைரனோசாரிட்டுடையவை என்று பிரித்துச் சொல்ல முடியாததால் பெயர் பயனற்றுக் கிடக்கிறது.

6. தாடையும் மண்டையோடும்

மேல்தாடை எலும்பு ஒன்று கிடைத்தால் பத்துப் பல்லுக்குச் சமம். ஏனென்றால் பல குணங்களை ஒரே துண்டில் பார்க்கலாம்.

பற்களுக்கு இடையே உட்புறத்தில் உள்ள சிறு தகடுகளைப் பாருங்கள். டைரனோசாரிட்களில் அவை தனித்தனியாக நிற்கும். அபெலிசாரிட்களிலும் கார்கரோடான்டோசாரிட்களிலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். வெளிப்புறம் பள்ளமும் வரியுமாகக் கரடுமுரடாக இருந்தால் அபெலிசாரிட் என்று உடனே எழுதிவிடாதீர்கள். கார்கரோடான்டோசாரிட்டின் வெளிப்புறமும் அப்படித்தான்.

முன் மேல்தாடையில் ஒரு பக்கத்துப் பற்குழிகளை எண்ணுவது சுலபம், பயனும் அதிகம். செரட்டோசாரஸுக்கு 3, பெரும்பாலானவற்றுக்கு 4, அலோசாரஸுக்கு 5, ஸ்பைனோசாரிட்களுக்கு 6 அல்லது 7. பல்லை எண்ணாதீர்கள், குழியை எண்ணுங்கள். பல் விழுந்திருக்கும்; குழி விழாது.

7. உடல் எலும்புகள்

எனக்குப் பிடித்தது பாதமும் கணுக்காலும். மண்டையோடு அளவுக்குக் கவர்ச்சி இல்லாததால் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள்.

கணுக்கால் எலும்பிலிருந்து மேல்நோக்கி எழும் தகட்டைப் பாருங்கள். செரட்டோசாரஸ், அபெலிசாரிட் பக்கம் அது குட்டை. அலோசாரஸில் கொஞ்சம் உயரம். டைரனோசாரிட்டில் கணைக்கால் எலும்பின் முன்புறத்தை மூடிக்கொண்டு உயரமாக ஏறும். தகடு உடைந்திருந்தாலும் கணைக்கால் எலும்பில் அது பொருந்தியிருந்த தடம் இருக்கும். அந்தத் தடத்தை அளக்கலாம்.

பாதத்தின் மூன்று நீண்ட எலும்புகளில் நடுவில் உள்ளது மேல்பக்கம் கிள்ளியது போல ஒடுங்கியிருந்தால் டைரனோசாரிட் வாய்ப்பு வலுக்கும். தீக்கோழி போன்ற தெரோபாட்களுக்கும் இது உண்டு என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. இடுப்பின் மேல் தகட்டில், தொடை பொருந்தும் குழிக்கு மேலே செங்குத்தாக ஒரு முகடு ஓடினால் சந்தேகம் மேலும் குறையும். தொடை எலும்பின் தலை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கார்கரோடான்டோசாரிட் பக்கம் பாருங்கள்.

கையின் குட்டைத்தனத்தை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். டைரனோசாரிட், அபெலிசாரிட், கார்கரோடான்டோசாரிட் மூன்றிலும் கை தனித்தனியாகச் சுருங்கியது. 2022இல் விவரிக்கப்பட்ட மெராக்ஸஸ் ஒரு கார்கரோடான்டோசாரிட், கையோ டி. ரெக்ஸ் கை போல. விரல் எண்ணிக்கை நம்பகமானது: டைரனோசாரிட்டுக்கு 2, அலோசாரஸுக்கு 3, கார்னோடாரஸுக்கு 4.

8. வயதைத் தீர்மானிக்காமல் ஒப்பிடாதீர்கள்

இந்தப் படியை ஒப்பீட்டுக்கு முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. குட்டிக்கும் தாய்க்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு இனங்களுக்கு உள்ள வித்தியாசம் என்று படிப்பது மிகச் சுலபம். தலைகீழாகவும் நடக்கும்.

உடல் அளவு வயதைச் சொல்லாது. முள்ளெலும்பின் உடலும் மேல்வளைவும் இணையும் பொருத்துக்கோடு மூடியிருக்கிறதா என்பது ஒரு துப்பு, ஆனால் அது மட்டும் போதாது. உறுதியான வழி, கால் எலும்பை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வளர்ச்சிக் கோடுகளை எண்ணுவது. வெளி ஓரத்தில் கோடுகள் நெருங்கி அடுக்கியிருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று பொருள். 'சூ' சாகும்போது சுமார் 28 வயது என்று இப்படித்தான் கணக்கிட்டார்கள். வெட்ட அனுமதி வேண்டும்; வெட்டும் முன் எலும்புக்கு வார்ப்பு எடுத்து வைக்க வேண்டும்.

நானோடைரனஸ் சண்டையைப் பாருங்கள். 1940களில் வெளியான ஒரு சிறு மண்டையோட்டுக்கு 1988இல் இந்தத் தனிப் பெயர் வைத்தார்கள். 1999இல் ஆய்வாளர் தாமஸ் கார், அது டி. ரெக்ஸ் குட்டிதான் என்று வாதிட்டார். 2020இல் 'ஜேன்' என்ற ஒத்த மாதிரியின் எலும்பை வெட்டிப் பார்த்து, இன்னும் வளர்ந்து முடியாதது என்றார்கள். குட்டி என்ற கட்சி வலுத்தது. 2025இல் லிண்ட்சே ஸானோவும் ஜேம்ஸ் நபோலியும் இன்னொரு முழு எலும்புக்கூட்டை ஆராய்ந்து, இது வளர்ச்சி முடிந்த விலங்கு, தனிப் பேரினம் என்றார்கள். அதன் கை வளர்ந்த டி. ரெக்ஸின் கையைவிடப் பெரியது. உடல் வளரும்போது கை எலும்பு மட்டும் சுருங்காது அல்லவா?

கவனியுங்கள்: 'ஜேன்' வளர்ந்து முடியாதது என்பது உண்மையாகவே இருக்கலாம், அதனால் அது டி. ரெக்ஸ் குட்டி ஆகிவிடாது. எல்லா இனத்துக்கும் குட்டி உண்டு. "வயது என்ன", "இனம் என்ன" இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

9. ஒப்பிடுவதும் குண அட்டவணையும்

இப்போதுதான் மற்ற விலங்குகளின் பக்கம் திரும்ப வேண்டும். பிரபலமான இரண்டோடு மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒன்றையாவது எடுங்கள்.

ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு சகஜம் என்று தெரிந்துகொள்ளுங்கள். யூட்டாவின் க்ளீவ்லேண்ட் லாய்ட் குழியில் குறைந்தது 46 அலோசாரஸ்களின் எலும்பு கிடைத்திருப்பது இதற்குத்தான் பெரிய வரம். 2022இல் டி. ரெக்ஸை மூன்று இனமாகப் பிரிக்கும் முயற்சி ஒன்று வந்தது. தொடை எலும்பின் தடிமனும் ஒரு ஆதாரம். அந்த வேறுபாடு ஒரே இனத்துக்குள் இருக்கக்கூடியதுதான் என்று அதே ஆண்டிலேயே மறுப்பும் வந்தது.

எலும்பு ஓரளவு முழுமையாக இருந்தால் குண அட்டவணைக்குப் போகலாம். ஏற்கெனவே வெளியான ஒன்றை எடுத்து அதில் ஒரு வரியைச் சேர்ப்பது நல்லது. 2012இல் காரனோ, பென்சன், சாம்ப்சன் மூவரும் வெளியிட்ட அட்டவணையில் 61 விலங்குகள், 351 குணங்கள். ஒவ்வொரு குணத்துக்கும் இல்லை என்றால் 0, உண்டு என்றால் 1, தெரியவில்லை என்றால் கேள்விக்குறி. பிறகு டிஎன்டி போன்ற மென்பொருள் மிகக் குறைந்த மாற்றங்களில் விளக்கக்கூடிய உறவு மரத்தைத் தேடும்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை ஒன்றே: உடைந்த இடத்தில் 0 போடுவது. கண்ணுக்கு மேல் கொம்பு இல்லை என்பது வேறு, கண்ணுக்கு மேலுள்ள எலும்பே கிடைக்கவில்லை என்பது வேறு. இருபது இடத்தில் இப்படி 0 போட்டால், உங்கள் விலங்கு மரத்தின் அடியில் போய் "பழமையான இனம்" என்று உட்கார்ந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் இடைவெளி விட்டு, முதல் பட்டியலைப் பார்க்காமல், மறுபடி எண்ணிடுங்கள். இரண்டும் மாறுபடும் குணங்களைக் கேள்விக்குறி ஆக்குங்கள். மரம் பல கிளையாகச் சிதறினால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். தரவு அவ்வளவுதான் என்று பொருள். முழு நிபுணர் கூட்டமே மெகாராப்டர் குழுவை அலோசாரஸ் பக்கம் வைப்பதா டைரனோசார் பக்கம் வைப்பதா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.

கடைசியில்தான் இடத்தையும் காலத்தையும் பாருங்கள். கிரெட்டேசியக் கடைசியில் (டைனோசர் யுகத்தின் இறுதியில்) வட அமெரிக்காவின் மேற்கில் கிடைத்தது, ஆகவே டைரனோசாரிட் என்று முதலிலேயே தொடங்கினால் எலும்பு வாயே திறக்காது. எலும்பு சொன்னதும் பாறை சொல்வதும் மோதினால், ஒருபடி திரும்பிப் போய் அளவைச் சரிபாருங்கள்.

10. பெயரட்டை எழுதுவது

எந்தப் படியில் சான்று நின்றதோ அந்தப் பெயரை எழுதுங்கள். ஒரு கணுக்கால் எலும்புக்கு என் அட்டை இப்படி இருக்கும்: "தெரோபாடா, அபெலிசாரிடே, பேரினம் தீர்மானிக்க இயலவில்லை. இடது கணுக்கால் எலும்பு. எழும் தகடு குட்டை, நுனி உடைந்தது. வயது தெரியவில்லை."

புதிய பெயர் வைக்க ஆசை வந்தால் ஒரே ஒரு கேள்வி: வேறு எதிலும் இல்லாத குணம் இதில் குறைந்தது ஒன்று இருக்கிறதா, நசுங்கலாலும் வயதாலும் அதை விளக்க முடியாதா? இருந்தால், பெயரைத் தாங்கும் மூல மாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, நிரந்தரச் சேகரிப்பில் வைத்து, விலங்கியல் பெயரிடல் விதிப்படி வெளியிட வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியானால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். இல்லையென்றால் அட்டையோடு நில்லுங்கள்.

அட்டையின் அடியில் யார் தீர்மானித்தது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். பழைய அட்டையைக் கிழித்துப் போடாமல் புதியதை அதன் மேல் வையுங்கள். அடுத்து வருபவருக்கு நாம் எங்கே மனம் மாறினோம் என்பதும் தேவைப்படும்.